மின்மினி தியேட்டர் மைக்கம்மா

உக்காரும்மா. அங்க வேணாம், அந்த வரிசையில ஸ்பிரிங்கு மேல வந்து குத்தும். புதுசா ரெக்சின் போட்டுட்டா உள்ள இருக்கிற ஸ்பிரிங்கு திருந்திடுமா? இப்படி என் பக்கத்துல வா. இந்தக் கடைசி மூலைதான் எனக்கு. மின்மினி தியேட்டர் ஓடின காலம் பூரா நான் இங்கதான் உக்காந்தேன். ஜனங்க திரையைப் பாத்து உக்காந்திருப்பாங்க, நான் அவங்க முதுகைப் பாத்து உக்காந்திருப்பேன். முதுகைப் பாத்தே சொல்லிடுவேன், யாரு அழுவுறா, யாரு தூங்குறான்னு.

அந்த மைக்கை எடுத்துக் குடேன். மேசை மேல இருக்கு பாரு, கறுப்பா. என் மைக்குதான். சும்மா கையில வச்சுக்கத்தான் கேக்குறேன். அது கையில இல்லன்னா எனக்குப் பேச்சு கோர்வையா வராது. ஆங்... பாத்தியா, கட்டை விரல் தானா சுவிட்சுக்குப் போவுது! இத்தனை வருஷமாச்சு, விரல் மறக்கல. செத்துப்போன மைக்குதான், இருக்கட்டும். காலையில எலக்ட்ரீஷியன் தம்பி ஒருத்தன் ஏணி போட்டு ஏறி ஒயரை என்னமோ முறுக்கிட்டு இருந்தான். திறப்பு விழாவுக்குத் தெருவுக்குக் கேக்குற மாதிரி பாட்டுப் போடணுமாம். பாட்டுப் போடுவாங்களாம், மைக்கம்மாவைப் பேச விடமாட்டாங்களாம். நல்லா இருக்கு இவங்க நியாயம்.

அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீதான இந்தத் தியேட்டர் வரலாறு எழுதுற? எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க. எனக்குக் கண்ணுல புரை, படிக்க முடியாது, காது நல்லா கேக்கும். "உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் படங்களைத் தமிழில் விளக்கி வந்தார்." அவ்வளவுதான் என்னைப் பத்தி. உள்ளூர்ப் பெண்மணி! எனக்குப் பேர் கிடையாதா? மதலேன்னு அப்பா ஆசையா வச்ச பேரு. பாண்டிச்சேரியில இந்தக் கடலோரத்துல யார்கிட்ட வேணா கேளு, மதலேன்னா முழிப்பாங்க. மைக்கம்மான்னா கையைப் புடிச்சு வீட்டுல கொண்டாந்து விடுவாங்க.

ஞாயித்துக்கிழமை தியேட்டரைத் திறக்குறாங்க. முதல் படத்துக்கு நான் பேசணும். ஒரே ஒரு படம். அப்புறம் எனக்கு என்ன ஆனாலும் சரி. நீ என்னை ஒழுங்கா எழுதினா அவங்க மைக்கைக் குடுப்பாங்க. வேற எதையும் நான் கேக்கல. அதனால நல்லா கேட்டுக்க, ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிக்க, நடுவுல குறுக்க மட்டும் பேசாத. குறுக்க பேசினா எனக்குப் பிடிக்காது.

இது அரிசிக் குடோனா இருந்தது. தியேட்டர் முதலாளி முசியே ரெமியோட அப்பா கட்டினது. சுவர் தடிமன் பாரு, உள்ள உக்காந்தா வெளிய இடி இடிச்சாலும் கேக்காது. அப்பா செத்ததும் ரெமி அரிசி மூட்டையை எல்லாம் தள்ளிட்டு, எங்கேயோ மூடிப்போன கொட்டகையிலேருந்து நாற்காலி வாங்கிப் போட்டு, வெள்ளையடிச்ச சுவத்தையே திரையாக்கிட்டாரு. கல்யாணம் பண்ணிக்கோன்னா மாட்டேன்னுட்டாரு, தியேட்டர் கட்டாதேன்னா கட்டினாரு. அப்படி ஒரு ஆளு.

அப்ப இந்தத் தெரு எப்படி இருக்கும்னு நினைக்குற? வீட்டுக்கு வீடு ஒரு கலைஞன். ஒருத்தன் ஓவியம் வரைவான். அவன் வரைஞ்ச படத்தை யாரோ தலைகீழா மாட்டிட்டாங்க, அவனே ஒரு வாரம் பாத்துட்டுச் சும்மா இருந்தான். எதிர் வீட்டுல நாடகக்காரங்க, காலையில பல் விளக்குறதுக்கு முன்னாடியே ஓ-ன்னு அழுது பழகுவாங்க. மாடியில வெள்ளைக்காரப் பையனுங்க லுங்கி கட்டிக்கிட்டு மிருதங்கம் கத்துக்குவானுங்க, தெருவே காதைப் பொத்திக்கும். கவிஞருங்களுக்குக் கணக்கே இல்ல. அவங்களுக்காகத்தான் ரெமி தியேட்டர் ஆரம்பிச்சாரு. மெட்ராஸ்ல இருக்கிற வெளிநாட்டுத் தூதரகத்துலேருந்தெல்லாம் ரீல் பெட்டி வரும். பிரான்ஸ் படம், போலந்துப் படம், ஹங்கேரிப் படம். அந்தக் கூட்டம் வந்து பாக்கும், தாடியைத் தடவும், போயிடும். பாதி நாற்காலி காலியா கிடக்கும்.

தெரு முனையிலதான் மீன்காரங்க குப்பம். அந்த ஜனங்க வந்தா தியேட்டர் ரொம்பும். ஆனா அவங்களுக்கு என்ன புரியும்? ரெமி என்கிட்ட வந்தாரு. நான் அப்ப டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை. எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு, வீட்டுல பிரெஞ்சுதான். என் குரலும் நல்ல குரல். "மதாம், நீங்க மைக்குல உக்காந்து அவங்க பேசுறதைத் தமிழ்ல சொல்லுங்க"ன்னாரு. முதல் நாள் நான் பேசினப்ப குப்பத்துப் பொம்பளைங்க திரையை விட்டுட்டுத் திரும்பி என்னைப் பாத்தாங்க. சத்தியமா சொல்றேன், கல்யாணத்தன்னிக்குக் கூட என்னை அப்படி யாரும் பாக்கல. அப்புறம் அந்த ஆளும் விட்டுட்டுப் போயிட்டான், அது வேற கதை. மைக்குதான் எனக்குப் புருஷன், பிள்ளை எல்லாம்.

கூட்டம் தாங்கல. உள்ள இடமில்லாதவங்களுக்காக ரெமி வாசல் மேல ஒரு ஹார்ன் கட்டினாரு, நான் பேசுறது தெரு பூரா கேக்கும். தெருவுல பாய் விரிச்சு உக்காந்து படம் பாக்காமலே படம் கேப்பாங்க. அதோ, வெளிய இன்னும் தொங்குது பாரு அந்த ஹார்ன். துரு ஏறிப்போச்சு.

ஹங்கேரி பாஷை எனக்குத் தெரியுமான்னா கேக்குற? தெரியாது. போலந்தும் தெரியாது. அதனால என்ன? அழுதா அழுவுறா, சிரிச்சா சிரிக்கிறா, மீதியை நான் பாத்துக்கிட்டேன். பிரெஞ்சுப் படத்துலயே நான் எல்லாத்தையும் அப்படியே சொல்லிட மாட்டேன். புருஷனை விட்டுட்டுப் போற பொம்பளை கடைசி வரைக்கும் சந்தோஷமா இருக்கான்னு நம்ம ஜனங்ககிட்டச் சொல்ல முடியுமா? நான் அவளைத் திரும்ப வர வச்சுடுவேன். ரயில் ஏறிப் போவா திரையில, நான் "அதோ அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வந்துடுவா"ன்னு சொல்லிடுவேன். எல்லாருக்கும் நிம்மதி.

ஒரு தடவை ஒரு படத்துல ஒருத்தன் புதுச் செருப்பு வாங்குறான். நான் சும்மா ஒரு வார்த்தை போட்டேன். "புதுச் செருப்பு வாங்குற புருஷன் வீட்டுல தங்கமாட்டான், பாத்துக்கங்க"ன்னு. அந்த வாரம் மீன் மார்க்கெட் கிட்ட டீக்கடை வச்சிருந்தவன் புதுச் செருப்போட வந்திருக்கான். பொண்டாட்டி சட்டைப் பையைத் துழாவினா பம்பாய்க்கு டிக்கெட்டு! அதுலேருந்து ஜனங்களுக்கு ஒரு இது. மைக்குல வந்தா நடக்கும்னு. படம் முடிஞ்சா என்னைச் சுத்திக்குவாங்க. "மைக்கம்மா, அந்தப் படத்துல வந்த மாமியா எங்க மாமியாளாட்டமே இருக்காளே, அடுத்தாப்புல என்ன செய்வா?" நான் என்ன செய்ய? சொல்லுவேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். என் வாயிலேருந்து கெட்டது வந்ததே கிடையாது, இதை எழுதிக்க.

இன்னொண்ணு எழுதணும் நீ, முக்கியமானது. புயல் சேதி. துறைமுகத்துக்குப் போற போன் எங்க எக்ஸ்சேஞ்ச் வழியாத்தான் போவும். புயல் கூண்டு ஏத்துறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும். படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைக்குல சொல்லிடுவேன். "நாளைக்குக் கடலுக்குப் போவாதீங்க." அவ்வளவுதான், ஒரு கட்டுமரம் இறங்காது. கூண்டு ஏத்தினாலும் இருட்டுல யாருக்குத் தெரியும்? விடியக்கருக்கல்ல மரம் இறக்குறவன் துறைமுகம் வரைக்கும் போய்ப் பாத்துட்டா வருவான்? ரேடியோவையும் நம்பமாட்டாங்க. மைக்கம்மா ஒண்ணும் சொல்லலியா, அப்ப கடல் நல்லா இருக்குன்னு அர்த்தம். அப்படிப் பழக்கமாயிடுச்சு அந்த ஜனங்களுக்கு. எத்தனை உசிரைக் காப்பாத்தியிருப்பேன் நானு! உள்ளூர்ப் பெண்மணியாம்.

யாரு அது, கதவைத் திறந்தது? வெளிச்சம் அடிச்சுச்சே. யாருமில்லையா? காத்தா இருக்கும். கீல் புதுசா மாத்தியிருக்காங்க, சும்மாவே திறந்துக்குது.

சாருமதி. அந்தப் பேரைத்தான நீ கேக்கணும்னு காத்திருந்த? தெரியும். எல்லாரும் அங்கதான் வருவாங்க. நான் என்னைப் பத்திப் பேச உக்காந்தா, கடைசியில அவளைப் பத்திப் பேச வச்சுடுவாங்க.

கோயமுத்தூர்ப் பக்கம் அவளுக்கு. சினிமா படிக்கிற பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்தா. ஒல்லியா, தலையை ஒட்ட வெட்டிக்கிட்டு. இந்தத் தியேட்டர் மாடி அறையிலதான் குடி இருந்தா. முதல் நாள் என் பக்கத்துல உக்காந்து படம் பாத்தா. நான் பேசப் பேசச் சிரிச்சா. படத்துக்குச் சிரிக்கிறான்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, எனக்குச் சிரிக்கிறா. வெளிய வந்து, "அம்மா, நீங்க சொன்ன கதை அந்தப் படத்தை விட நல்லா இருக்கு"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. ரெமியும் சிரிச்சாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

அப்புறம் அவ ஒரு வேலை ஆரம்பிச்சா. கண்ணாடித் தகட்டுல கறுப்பு மையைப் பூசி, ஊசியால எழுத்தைக் கீறுவா. விளக்கு வச்ச பெட்டியில போட்டா, திரைக்குக் கீழ தமிழ் எழுத்தா விழும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தகடு. மைக்கே வேணாம். அவங்க பேசுறது அப்படியே எழுத்துல வந்துடும். ரெமிக்குத் தலைகால் புரியல, சின்னப் பிள்ளையாட்டம் குதிச்சாரு. நான் கேட்டேன், "முசியே, குப்பத்து ஜனம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள சீன் போயிடுமே"ன்னு. அதுக்கும் வழி வச்சிருந்தா அவ. சாயங்காலத்துல மணல்ல உக்காந்து குப்பத்துப் பசங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா. அஞ்சலாட்சி பையன் கலியன் இருந்தான், மீசை அரும்பின வயசு, ஆளு ஆறடி. அவன்தான் முதல்ல கத்துக்கிட்டான். மணல்ல "மைக்கம்மா"ன்னு எழுதிட்டு வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நான் பாத்துட்டுப் போயிட்டேன். அலை வந்து அழிச்சுட்டுப் போச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை, மைக்கு இல்லாத முதல் காட்சின்னு தட்டி வச்சாங்க. என்னையும் கூப்பிட்டாங்க, முதல் வரிசையில நாற்காலி போட்டு. விருந்தாளியாம் நானு! நான் போகல. வீட்டுல விளக்குக் கூடப் போடாம உக்காந்திருந்தேன். அன்னிக்கு எக்ஸ்சேஞ்ச்ல சேதி வந்திருந்தது, காத்து திரும்பிடுச்சு, விடியறதுக்குள்ள கடல் கெட்டுடும்னு. துறைமுகத்துக்கு லைன் போட்டதே நான்தான்.

ஏன் சொல்லலையா? மைக்கைத்தான் வாங்கிட்டாங்களே, நான் எப்படிச் சொல்லுவேன்? தெருத்தெருவா தமுக்கு அடிச்சுக்கிட்டுப் போவச் சொல்றியா? குப்பம் நடந்து போற தூரந்தான், ஒத்துக்குறேன். ஆனா என்னை வேணாம்னு சொன்ன இடத்துக்கு நான் ஏன் போவணும்? மைக்கு இருந்திருந்தா அன்னிக்கும் சொல்லியிருப்பேன். எடுத்தது யாரு? நீயே சொல்லு, எடுத்தது யாரு?

விடியக்கருக்கல்ல கலியன் கடலுக்குப் போனான். அவன் போன மரம் மட்டும் ரெண்டா ஒடைஞ்சு கரைக்கு வந்துச்சு. அவன் வரல.

இரு, இரு. என்ன சொல்ல வர? மைக்கா? மைக்குக்கு என்ன? அதான் குறுக்க பேசாதேன்னு சொன்னேன்ல. இப்பத்தான் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கேன்.

குப்பமே இடிஞ்சு போய் உக்காந்துடுச்சு. அஞ்சலாட்சி கடலைப் பாத்து மண்ணை வாரி வாரித் தூத்தினா. அவளைப் பாக்க எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, நானும் மனுஷிதான. கருமாதி ஆனதும் ரெமி வந்து நின்னாரு வாசல்ல. "மதாம், இந்த வாரம் நீங்க பேசுங்க. ஜனங்க உங்க குரலைக் கேக்கணும்னு சொல்றாங்க, அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்"னாரு. ஆறுதல் வேணும்னதும் மைக்கம்மா ஞாபகம் வந்துடுச்சு பாத்தியா?

போலந்துப் படம். அஞ்சலாட்சி முதல் வரிசையில உக்காந்திருந்தா, தலையில முக்காடு போட்டுக்கிட்டு. உள்ள நிக்க இடமில்ல, தெருவுலயும் அப்படித்தான். விளக்கு அணைஞ்சுது. நான் மைக்கைக் கையில எடுத்தேன். திரையில கடலோரத்து ஊரு. வெளியூர்க்காரி ஒருத்தி பெட்டியோட வந்து இறங்குறா.

நான் என்ன சொன்னேன்னா கேக்குற? வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. "எங்கேயிருந்தோ ஒருத்தி வந்திருக்கா பாருங்க. தாய் தகப்பன் யாருன்னு தெரியாது. அவ கையில ஒரு வித்தை இருக்கு. அதை அவ யாருக்குச் சொல்லிக் குடுக்குறாளோ, அவனைக் கடல் எடுத்துக்கும்." சொல்லி நிறுத்தினேன். அஞ்சலாட்சி முதுகு மட்டும் ஆடிச்சு. அப்பத்தான் பின்னால விளக்குப் பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்த சாருமதி கத்தினா. "பொய்! படத்துல அப்படி இல்ல, அந்தம்மா பொய் சொல்றாங்க!" கத்தினா, கத்தினா. ஆனா அவகிட்ட மைக்கு இல்லையே. என்கிட்டதான இருந்துச்சு.

மறுநாள் காலையில குப்பத்துப் பொம்பளைங்க மாடி ஏறினாங்க. கண்ணாடித் தகட்டையெல்லாம் மேலேருந்து தெருவுல போட்டு உடைச்சாங்க. பெட்டியைத் தூக்கி வெளிய வச்சாங்க. ரெமி குறுக்க விழுந்தாரு, தள்ளி விட்டுட்டாங்க. அவ மேல யாரும் கை வைக்கல, அதையும் எழுதிக்க. தெருவுல ஒரு வீடு அவளுக்குக் கதவு திறக்கல, அவ்வளவுதான். கலைஞருங்க கதை தெரியுமா? ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க. விடாம மழை வேற. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போற தெருவுல ஆளுங்க நிக்கிறாங்கன்னு பயந்து, அவ கடற்கரையோட தெக்கால நடந்தா. அந்தப் பக்கம் ஆத்து முகத்துவாரம். மணல் மேடாத்தான் கிடக்கும், எல்லாரும் நடந்தே தாண்டுவாங்க. ஆனா அன்னிக்கு வெள்ளம் மேட்டை உடைச்சுக்கிட்டு ஓடுது. எங்களுக்குத் தெரியும். அவ வெளியூர்க்காரி, அவளுக்கு எப்படித் தெரியும்?

நான் மொட்டை மாடியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மத்த மாடியிலயும் நின்னாங்க. யாரும் கூப்பிடல. நான் ஒரு குரல் குடுத்திருந்தா அவ காதுல விழுந்திருக்கும், மைக்கு இல்லாமலே என் குரல் அவ்வளவு தூரம் போவும். ஆனா மைக்கம்மா குரலைக் கேட்டா அவ திரும்பியா பாத்திருப்பா? நீயே சொல்லு.

மழை விட்டு வலை போட்டப்பக் கிடைச்சா. யார் வலையிலன்னு கேக்காத.

அதோட ரெமி தியேட்டரைப் பூட்டிட்டாரு. பிரான்ஸ்ல இருக்கிற தங்கச்சிகிட்டப் போயிட்டாரு, அங்கேயே செத்தும் போயிட்டாரு. போற வரைக்கும் என் முகத்தைப் பாக்கல. நான் என்ன தப்பு பண்ணேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். மைக்கைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாரு. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறாத கோவம். அவளை எடுத்துக்கிட்டது கடலு. என்னை ஊமையாக்கினது அவரு.

என்ன? ஞாயித்துக்கிழமை அதே படத்தைத்தான் போடப் போறீங்களா? கடைசியா ஓடின படம்கிறதாலயா? எழுத்தோடயா? ஓ. நீ பாத்துட்டியா படத்தை?

சரி. அப்ப உனக்குத் தெரியும். ஆமா, பியானோ டீச்சர் கதைதான். வித்தையும் இல்ல, கடல் எடுத்துக்குறதும் இல்ல. ஊருப் பிள்ளைங்களுக்குப் பியானோ சொல்லிக் குடுக்க வந்தவ. கடைசியில அவ கப்பல் ஏறிப் போறப்ப ஊரே கரையில நின்னு கையை ஆட்டுது, போயிட்டு வான்னு. பிள்ளைங்க அழுவுது. அதுதான் படம். அதை நான், "கல்லெடுத்து ஓங்குறாங்க பாருங்க, ஊரு சேந்து துரத்துது பாருங்க, அவ போனாத்தான் கடல் அடங்கும்"னு சொன்னேன். தூக்கின கை தூக்கின கைதான, அதுல என்ன இருக்குன்னு தூரத்துலேருந்து யாருக்குத் தெரியும்? என்னம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிற? பிள்ளையைப் பறிகுடுத்த ஜனத்துக்கிட்டப் பியானோ டீச்சர் கதையைச் சொல்லி என்ன ஆவப் போவுது? அவங்களுக்கு ஒரு காரணம் வேணும். நான் குடுத்தேன். அஞ்சலாட்சி அன்னிக்குத்தான் முதல் தடவையா வயிறாரச் சாப்பிட்டா தெரியுமா? அவளே சொன்னா. இத்தனை வருஷமா அவ நிம்மதியா தூங்குறான்னா அது என்னாலதான்.

ஏன் எழுந்திரிக்கிற? சிவப்பா என்ன எரியுது? மைக்குலயா? எனக்கு எங்கம்மா தெரியுது, எல்லாம் பனியாட்டம் இருக்கு. எரிஞ்சா எரியட்டும், உக்காரு.

அட, மறுபடியும் கதவு. இது காத்தில்ல. யாரு? வாசல்ல நிக்காம உள்ள வாங்க. யாரு, அஞ்சலாட்சியா? நடைச் சத்தம் கேட்டா தெரியாதா எனக்கு! வா, வா. உனக்கு ஆயுசு கெட்டி, உன்னைப் பத்தித்தான் இந்தப் பொண்ணுகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். பின்னால யாரு? பெருங்கூட்டமா இருக்கும் போலிருக்கே. குப்பத்து ஆளுங்களா? என்ன எல்லாரும் ஒண்ணா கிளம்பி வந்திருக்கீங்க? விழா ஞாயித்துக்கிழமைதான்.

என்ன சொல்ற அஞ்சலாட்சி, சத்தமா சொல்லு. கேட்டுச்சா? தெருவெல்லாம் கேட்டுச்சா? நான் பேசினதா? அந்த ஹார்ன்லயா!

அடி என் கண்ணே! வேலை செய்யுது! கேட்டியாம்மா, எழுதிக்க, எழுதிக்க. எலக்ட்ரீஷியன் தம்பி ஒயரைக் குடுத்துட்டான். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என் குரலைக் கேட்டதும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்துட்டாங்க பாரு. இதைத்தான் சொன்னேன் உன்கிட்ட. இந்த ஜனங்களுக்கு மைக்கம்மான்னா உசிரு.

உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க. நாற்காலி எல்லாம் புதுசு. அஞ்சலாட்சி, முதல் வரிசை உனக்கு, அன்னிக்கு உக்காந்த அதே இடம். ஏன் இப்படி வந்து கிட்ட நிக்கிற? மைக்கை ஏன் புடுங்குற? வேணாம், அது என்னோடது. அஞ்சலாட்சி! கையை விடு.

எந்த இடத்துலேருந்து கேட்டுச்சு? முதல்லேருந்தா?

எல்லாமா?

ஏம்மா பொண்ணே, நீ எங்க போற? அவளை ஏன் வெளிய போவச் சொல்றீங்க? "நீ போம்மா, உனக்கு இதுல வேலை இல்ல"ன்னா என்ன அர்த்தம்? அவ என்னை எழுத வந்தவ, அவ இருக்கட்டும். பொண்ணே, ஃபோனை வச்சுட்டாவது போ. நான் இன்னும் முடிக்கல. பொண்ணே!

ஏய், யாராவது பேசுங்களேன். எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்றேன்ல, பேசினாத்தான யாரு எங்க இருக்கீங்கன்னு தெரியும். பேசுங்க.

கதவை ஏன் சாத்துறீங்க? படம் இன்னும் போடலையே.